படத்தாளின் மூலையில் ஒரு புள்ளி

அன்றைய செமினாரில் தேறவில்லை என்றால் என் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. அந்தப் பயத்தில் காலையில் ஆரியசாலையிலிருக்கும் எங்கள் வீட்டில் எனக்கு ஒரு இட்லிகூட இறங்கவில்லை. இதில் அம்மா வேறு, புரொஜெக்டரில் காட்ட நான் வரைந்து வைத்திருந்த பிளாஸ்டிக் தாளைக் கையில் எடுத்து, "மூலையில ஒரு கறை இருக்கு மக்ளே, ஈரத்துணியால தொடச்சுத் தரட்டா?" என்றாள்.

"ஐயோ, ஒண்ணும் தொடண்டாம்மா! வெச்சிரு!" என்று கத்தினேன். தண்ணீர் பட்டால் போய்விடும் மை அது. எந்தக் கறை என்று நான் பார்க்கவே இல்லை. கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்.

என் ஆராய்ச்சி இவ்வளவுதான். கேலக்ஸிகள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும் இடத்தில் கொதிக்கும் வாயு நிரம்பியிருக்கும். எக்ஸ்ரே படத்தில் அது பளிச்சென்று தெரியும். நடுவிலிருக்கும் பெரிய கேலக்ஸியின் கருந்துளை அருகிலிருந்து இரண்டு தாரைகள் எதிரெதிராகப் பீறிட்டு, அந்த வாயுவை ஒதுக்கித் தள்ளிக் குமிழிகளாக ஊதும். குமிழிகள் ரேடியோ படத்தில் தெரியும். எக்ஸ்ரே படத்தில் அதே இடம் இருட்டுக் குழியாக இருக்க வேண்டும்.

எக்ஸ்ரே படம் ஒரு தாளில், பேனாவால் வரைந்த ரேடியோ கோடுகள் இன்னொன்றில். செமினார் அறையில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரொஜெக்டரில் வைத்தேன். பாழாய்ப்போன மின்விசிறி மேல் தாளைத் தூக்கிக் கீழே போட்டது. எடுத்து வைத்தால், குமிழிகள் குழிகளில் விழவில்லை, பளிச்சென்ற வாயுவின் மேல் உட்கார்ந்திருந்தன. தாளைப் புரட்டிப்போட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது.

முன்வரிசையில் மலையாளிப் பேராசிரியர் ஒருவர் கேலியாகச் சிரித்தார். "கொள்ளாமல்லோ, நல்லாருக்கே! சேருற வரைக்கும் திருப்பிட்டே இருப்பியா? இதுல கிழக்கு எவிட?"

திசையை எழுத மறந்திருந்தேன். நடுவில் ஒரு கூட்டல் குறி மட்டும். எப்படிப் புரட்டினாலும் அது கூட்டல் குறிதான். போச்சு, எல்லாம் போச்சு. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே அம்மா சொன்ன கறை.

அது நானே வைத்த புள்ளி. ஓரத்திலிருக்கும் இன்னொரு கேலக்ஸி. ரேடியோவிலும் எக்ஸ்ரேயிலும் தெரிவது.

"சார், இந்தப் புள்ளி ரெண்டு தாள்லயும் இருக்கு. இப்போ ஒண்ணு மேல ஒண்ணு விழுது. மாத்திப் போட்டா விழாது."

புரட்டிக் காட்டினேன். புள்ளிகள் விலகின. மறுபடி புரட்டினேன், சேர்ந்தன.

"மதி, மதி, போதும்" என்று அவர் பேனாவை மூடினார். பதிவு தப்பித்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "கறையப் பாத்து யாராச்சும் சிரிச்சாங்களா? நான் தொடச்சே தந்திருப்பேன், நீதான் விடல."

சமையல் மேடையில் அந்த ஈரத்துணி மடித்தபடியே கிடந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.