பழைய விரல், புது கீபோர்டு

ஆபீஸில் என் விண்டோஸ் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு மேக் கொடுத்தார்கள். அன்று பிடித்த தலைவலி! கன்ட்ரோல் அழுத்திச் செய்த வேலையெல்லாம் இதில் கமாண்ட் பட்டனுக்குப் போய்விட்டது. வருஷக்கணக்கில் பழகிய சுண்டுவிரல் கேட்குமா?

போன மாதம் லீவு கேட்டதற்கு மேனேஜர் மஞ்சுநாத் சார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "இந்த உம்மணாமூஞ்சிகிட்ட லீவு கேக்கறதுக்குப் பதிலா வேலையையே விட்டுடலாம்" என்று அக்காவுக்குத் தமிழில் மெசேஜ் அடித்தேன். அதையே காப்பி செய்து தங்கைக்கும் அனுப்பினேன்.

அடுத்து மீட்டிங் லிங்கை டீம் குரூப்பில் போட வேண்டும். காப்பி செய்யும்போது பழக்கதோஷத்தில் கன்ட்ரோலை அழுத்தியிருக்கிறேன். லிங்க் காப்பியே ஆகவில்லை. பேஸ்ட் செய்யும்போது மட்டும் கமாண்ட் ஞாபகம் வந்து தொலைத்தது. என்டரும் தட்டியாயிற்று. குரூப்பில் உம்மணாமூஞ்சி!

அழிப்பதற்குள் சார் என் சீட்டுக்கே வந்துவிட்டார். அவர் கன்னடக்காரர். தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்ததால் தமிழ் சரளமாகப் பேசுவார், படிக்கத்தான் தெரியாது.

"என்னம்மா, தமிழ்ல ஏதோ போட்டிருக்கே? கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

ஸ்கிரீனைப் பார்த்தபடியே, "மீட்டிங்குக்கு எல்லாரும் சீக்கிரம் வந்துடுங்க" என்று 'படித்தேன்'. பக்கத்து சீட் சேலத்துக்காரர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்.

"நல்ல விஷயம்தானே! மேலயே பின் பண்ணி வை. எல்லாரும் பாக்கட்டும்" என்றார் சார்.

அவர் நகர்ந்ததும் அழித்துவிட்டேன். இப்போதெல்லாம் பேஸ்ட் செய்ததைப் படித்துப் பார்க்காமல் என்டரைத் தொடுவதில்லை. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் அக்காவுக்குப் போன் போட்டு வாயாலேயே திட்டிவிடுகிறேன். அதற்கு எந்த ஷார்ட்கட்டும் வேண்டியதில்லை.

- கலைவாணி, மர்பி டவுன், பெங்களூரு