படகுத் தண்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

ஆயுத பூசை விடுமுறை முடிந்து பட்டறைக்குள் நுழைந்ததும் எனக்குப் பகீரென்றது. கடற்கரை ஊரான மண்டபத்துக்குப் போக வேண்டிய புரொபெல்லர் ஷாப்ட், படகின் விசிறியைச் சுற்றும் தண்டு, வெறும் இரும்பாகக் கிடந்தது. மேலே வரிசையாகச் சந்தனப் பொட்டு, வாடின மாலை. பொட்டுகளைச் சுற்றி வட்டம் வட்டமாகத் துரு.

யுத்த காலம் அது. மதுரையில், கோச்சடை போகிற வழியில் இருந்த அந்தப் பட்டறையில் நான் ஃபிட்டர். கடற்கரைப் பக்கம் நல்ல லேத் கிடையாது என்பதால் மோட்டார் படகுச் சாமான்கள் எங்களிடம்தான் கடைசலுக்கு வரும். அந்தோணி என்ற படகுக்காரர் எங்கேயோ தேடிப் பிடித்த எஃகுத் தடியைக் கொடுத்து ஷாப்ட் கடையச் சொல்லியிருந்தார். இன்னொரு தடிக்கு வழியே இல்லை. உப்புக்காற்றைத் தாங்க வேண்டுமே என்று மாட்டுக் கொழுப்பும் வெள்ளை ஈயப் பொடியும் காய்ச்சிக் கெட்டியாகப் பூசிவிட்டுத்தான் நான் லீவில் போனேன்.

அதை வழித்தெடுத்தவர் எங்கள் முதலாளி செல்லையா. அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மாட்டுக் கொழுப்பு பூசின சாமானைச் சாமி முன்னால் எப்படி வைப்பார்? மண்ணெண்ணெய் விட்டுத் துளிப் பிசுக்கில்லாமல் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, பூசை போட்டுவிட்டார். பக்தியில் ஒரு குறையும் இல்லை. பாழாய்ப்போன இரும்புக்குத்தான் அது தெரியவில்லை.

அன்று சாயங்கால ரயிலில் ஷாப்ட்டைக் கொண்டுபோக அந்தோணி வருகிறார். புஷ்ஷுக்குள், அதாவது ஷாப்ட்டைத் தாங்கும் உலோக உறைக்குள், சுழலும் இடத்தில் துரு குழி பறித்திருந்தால், அந்த வழியாகப் படகுக்குள் தண்ணீர் ஏறும். திரும்ப லேத்தில் ஏற்றினால் இளைத்துப் போய் புஷ்ஷில் ஆடும். மழைக்காலத்துக்குள் படகு இறங்காவிட்டால் அந்த மனிதர் பிழைப்பே போச்சு. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"காதரு, உண்மையச் சொல்லு. தேறுமா?"

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒவ்வொரு வட்டமாக மெதுவாகத் தேய்த்தேன். கறை போனது. பிறகு கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். குழி இருந்தால் நகம் மாட்டும். எங்கேயும் மாட்டவில்லை. கடைசி வட்டத்திலும் வழுக்கிக்கொண்டு போனதும், அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வெறும் கறைதான் மொதலாளி. உள்ள எறங்கல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி கொழுப்பு காய்ச்ச வேண்டுமே என்று நான் இழுத்தேன். மறுபேச்சில்லாமல் அவரே அடுப்பைப் பற்றவைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சட்டியைப் பிடித்தார். நான் சூட்டோடு சூடாகப் பூசினேன். பூசி முடித்து எண்ணெய்த் துணி சுற்றிப் பெட்டியில் வைத்த பிறகுதான் எனக்குப் பசியே தெரிந்தது.

அந்தோணி வந்தார். சொல்ல வேண்டாமென்று நான் ஜாடை காட்டியும் முதலாளி கேட்கவில்லை. நடந்ததை அப்படியே ஒப்பித்துவிட்டார். அந்தோணி தானும் ஒரு ஓரத்துத் துணியை விலக்கிப் பார்த்தார், மூடினார், சிரித்தார்.

"நடுக்கடல்ல நாங்க கூப்பிடாத சாமி இல்லண்ணே. பெட்டி மேல ஒரு பொட்டு வச்சு விடுங்க. ஆனா உள்ள மட்டும் கைய வைக்காதீங்க."

முதலாளி கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, பெட்டி மூடியில் சந்தனம் வைத்தார்.

பட்டறைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பூசையைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் இரும்பில் ஒருவன் எதையாவது பூசி வைத்திருந்தால், துடைப்பதற்கு முன்னால் ஏன் பூசினான் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த வருஷ ஆயுத பூசைக்கு எதைத் துடைக்கலாம் என்று எங்கள் முதலாளி என் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கேட்டார்.