அம்பாரத்தில் நின்ற மான்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த போட்டோ லேபுக்கு, லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் பை நிறைய பிலிம் ரோல் கொண்டுவருவார். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் என்ஜினியர். சொந்த ஊருக்குப் போனால் வனப் பூங்கா, மலைச்சரிவு என்று கேமராவோடு கிடப்பாராம். மான், நரி, மூடுபனி, ஏரி, மறுபடியும் மான். ஒரு மனித முகம் இருக்காது.

கவுண்டரில் இருந்தவர் கீழக்கரைக்காரர். அவர் ஊர் வழக்கப்படி அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுவோம்.

"தம்பி, ஒம்ம துரை வந்துட்டாரு. ரோல் ரோலா மாட்டை எடுத்துட்டு வர்றாரே, இந்த மனுசனுக்குப் பொண்டாட்டி புள்ள இல்லையா?"

"அது மான், காக்கா."

"என்ன மானோ, பிரியாணிக்கு ஆகுமான்னு கேளும்."

பிரிண்ட் மெஷினில் நான்தான் உட்காருவேன். எங்களுக்கு வருவதெல்லாம் பிறந்தநாள் கேக்கும், மணல்மேட்டில் சாய்ந்து நிற்கும் காரும்தான். துரையின் பச்சை வேறு. மழை இன்னும் விடாத பச்சை. அதில் கொஞ்சம் மஞ்சள் கூடிவிட்டால்கூடப் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். நான் மறுபடி போடுவேன். மிஞ்சுகிற பிரதிகளை நீயே வைத்துக்கொள் என்றார்.

அவற்றை ஊருக்கு அனுப்பினேன். அப்பாவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை. வெள்ளையையே பார்த்துப் பார்த்துக் கண் மங்கிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மகன் உப்பு வாரக் கூடாது, அது ஒன்றுதான் அவருடைய பிடிவாதம். 'இது ஒரு துரை தன் ஊரில் எடுத்தது' என்று கூடவே எழுதியிருந்தேன். தங்கை வாசித்துக் காட்டினாளாம். அப்பாவுக்கு ஸ்காட்லாந்தும் ஷார்ஜாவும் ஒரே வெளிநாடு. "குளுந்த எடத்துலதான் இருக்கான்" என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் துரை குளிர்காலத்தில் போய்வந்தார். மலை முழுக்க வெண்பனி, நடுவில் கால் புதைய ஒரு கலைமான். அதற்காக விடிந்ததிலிருந்து பாறை மறைவில் குப்புறக் கிடந்தாராம். இவ்வளவு வெள்ளையைக் கண்டால் மெஷின் குழம்பிப்போய்ச் சாம்பலாக்கிவிடும். நான் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தி, சாம்பல் துளியும் இல்லாமல் பளீரென்று வெளுக்க வைத்தேன். துரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமாம், இப்படித்தான் இருந்தது" என்றார். சந்தோஷத்தில் ஒரு பிரதியை, லீவில் கிளம்பிய ரூம்காரரிடம் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

அது போய்ச் சேர்ந்த பிறகு ஊர் மளிகைக் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். வந்து போனை வாங்கியதுமே கேட்டார்.

"ஒன்னைப் படிக்க வச்சது இதுக்காலே?"

"எதுக்குப்பா?"

"அம்பாரம் அம்பாரமா உப்பு கெடக்கே. எனக்குத் தெரியாதா? மாடு வேற கால் பொதைஞ்சு நிக்கி."

"உப்பு இல்லப்பா. பனி."

"பனி வெயில் ஏறுனா போயிரும்லா. குமிஞ்சு கெடக்குமாக்கும்? எங்கிட்டயே சொல்லுத."

எங்கள் பக்கம் பனி என்றால் மார்கழி விடியலில் போர்வையை ஈரமாக்குவது, அவ்வளவுதான். ஐஸ் என்று சொல்லிப் பார்த்தேன். அதை அவர் மீன்பெட்டியில்தான் பார்த்திருந்தார்.

"மலைக்கு எவம்லே ஐஸ் போடுவான்?" என்றவர், அடுத்து, "காலுக்குச் செருப்பாவது குடுக்கானுவளா?" என்று கேட்டார்.

எனக்கு லீவு கிடைத்து ஊருக்குப் போனபோது அவருக்குப் பார்வை அநேகமாகப் போயிருந்தது. பனியில் துரையே கம்பளிக் கோட்டோடு நிற்கும் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அப்பா அதைத் தடவிவிட்டுத் திருப்பித் தந்தார். பிறகு என் கையைப் பிடித்தார். லேபில் மருந்து கலக்குவதும் நான்தான்; கையுறை கிழிந்தால் புதிது வரும்வரை வெறுங்கை. விரலிடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. ஒவ்வொரு வெடிப்பாகத் தடவிக்கொண்டே வந்தார்.

"மருந்துப்பா. படம் கழுவுத மருந்து."

"சரிலே," என்றார், சண்டை போடாமல். அம்மாவைக் கூப்பிட்டு, "புள்ளைக்கு எண்ணெய் கொண்டா. உப்புப் புண்ணு, எரியும்" என்றார்.

அம்மா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவின் விரல்கள் தரையில் அதைத் தேடிக்கொண்டிருந்தன. நான் அவர் கையை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தேன்.