முப்பது றாத்தல்

என் மருமகள் முப்பத்தைந்து வயதில் பதுளைச் சமுதாயக் கல்லூரிக்குப் படிக்கப் போகிறாள். குடும்ப, சமூக சேவைப் படிப்பாம். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களாம். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள் நான் வீட்டில் இருக்க, இவள் பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வருகிறாள். போனால் போகட்டும், வந்த பிறகு என்னை விடவேண்டுமே! வயதானவர் ஒருவரின் சிறுவயதைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்களென்று நேற்று அடுப்படியில் நோட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

"மாமி, சின்ன வயசுல ஒங்கள யாரு பார்த்துக்கிட்டா?"

"ஒங்க காலேஜா வந்து பார்த்துச்சு? ரொட்டி கருகுது, எழும்பு."

எழும்பவில்லை. அவள் நூறு தடவை கேட்ட கதையையே மறுபடி சொன்னேன்.

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் என் சித்திதான் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். சித்திக்கு ஒரு கால் இழுக்கும். மலை ஏற முடியாது. அந்த வேலை போனால் அவளுக்குச் சோறில்லை. பதினைந்து பிள்ளைகளாவது இருந்தால்தான் ஆயா வைப்பார்கள். பிள்ளைகளை எண்ணி நிறை பார்க்கிற அதிகாரியம்மாவை நோனா என்போம். அவர் வருகிற அன்று பார்த்துப் பதினாலுதான். சித்தி நேரே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய எனக்குத் தங்கச்சியின் கவுனை மாட்டி, "நாலு வயசுன்னு சொல்லுடி. இல்ல, வாயே தொறக்காத" என்று கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தாள்.

நோனா யாழ்ப்பாணத்துக்காரர். கொழுந்துத் தராசில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தார். நான் முப்பது றாத்தல்.

"நாலு வயசுக்குப் பரவாயில்லை" என்றார்.

மூன்றாம் வகுப்புப் படிக்கிற என்னைப் போய்!

"எனக்கு எட்டு வயசு. பேரு கூட எழுதுவேன்!" தொட்டிலில் தொங்கிக்கொண்டே கத்திவிட்டேன்.

"எத்தினை வயசு எண்டு சொன்னனீர்?"

"எட்டு!"

நோனா சித்தியைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க நோனா, நான்தாங்க கூட்டியாந்தேன்" என்று அவள் அழத் தொடங்கினாள். நோனா என்னை இறக்கிப் பேனாவைக் கையில் தந்தார். அவருடைய பெரிய புத்தகத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் என் பெயரை எழுதினேன். நோனா திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. என் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ நிறைய எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"ஒன் எழுத்தக் கொண்டுபோயி ஒலையில போடுடி" என்று சித்தி அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாள்.

மாதம் ஆகவில்லை, பிள்ளைக் காம்பராவுக்குப் பால்மா டின்கள் வந்தன. சித்தியின் வேலையும் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காலையில் வந்து ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகவேண்டுமென்று உத்தரவு. வரிசையில் நான்தான் முதல். என் எழுத்துக்கு வந்த பரிசு என்று லயம் லயமாகச் சொல்லித் திரிந்தேன். நேற்று வரைக்கும் சொன்னேன்.

மருமகள் முப்பது றாத்தலைப் போனில் கிலோவாக்கினாள். பதின்மூன்றரை. பையிலிருந்து, பிள்ளைகளின் வயதுக்கு நிறை பார்க்கிற கோடு போட்ட தாளை எடுத்தாள். எட்டு வயதில் விரல் வைத்துக் கீழே இறக்கினாள். கடைசிக் கோட்டையும் தாண்டி விரல் இறங்கிக்கொண்டே போயிற்று. தாளிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னடி பார்க்குற? பேரு எழுதினேன்ல, அத மொதல்ல எழுது" என்றேன். ரொட்டி கருகியே போய்விட்டது.

எழுதுகிற கை என்றுதான் நோனா அதை அவ்வளவு நேரம் பிடித்திருந்தார் என்று நினைத்து, அன்று வீடு வரைக்கும் அந்தக் கையை ஆட்டாமல் கொண்டுவந்தேன்.