புது ரன்னரும் ஒரு பழைய பெயிண்ட் துணுக்கும்

சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து, வடக்கு அந்தமானில் எங்கள் சிறிய நீர்மின் நிலையத்தில் ஒரு டர்பைனைப் புதுப்பித்தோம். நான் அங்கே ஜூனியர் இன்ஜினியர். தண்ணீரோடு வந்த மணல், டர்பைனுக்குள் சுழலும் ரன்னரின் தகடுகளை அரித்துத் தின்றிருந்தது. புது ரன்னர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஹேடோ துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து லாரியில் ரங்கத் ஊரைத் தாண்டி எங்களிடம் வந்து சேர்ந்தது.

மெஷின் நின்றிருந்த நாட்களில் ஊருக்கு டீசல் கரண்ட்தான், அதுவும் முறை வைத்து. பஜாரில் ஐஸ் ஃபாக்டரி வைத்திருந்த பெங்காலிக்காரர் என்னைப் பார்த்தாலே, "மேடம், லைட் கப் ஆயேகா?" என்று கரண்ட் எப்போது வரும் எனக் கேட்பார்.

"ஆயேகா தாதா, பக்கா ஆயேகா", கட்டாயம் வரும் அண்ணா என்பேன். சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. வேலை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

பொருத்தும் வேலையை மேற்பார்வை பார்க்க, ரன்னர் செய்த கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஃபிட்டர் அண்ணன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்த குடும்பம். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

கடைசியாக, ஷாஃப்ட்டின் பேரிங்கைத் தாங்கும் பீடத்தின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தோம். நேராக இருக்கிறதா என்று காட்டும் கேஜின் முள் லேசாக ஆடியது.

"லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. ஓட்டிடலாம். நாளைக்கு எனக்குக் கப்பல்" என்றார் கம்பெனி இன்ஜினியர்.

"காலையில இப்படி ஆடல சார். போல்ட்டை இறுக்கின பிறகுதான் ஆடுது. ஏன்னு தெரியாம நான் தண்ணி திறக்க மாட்டேன்" என்றேன்.

"பழைய மெஷின்ல இதைவிட மோசமா இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. அதனாலதானே மாத்துறோம்."

அவர் ஃபிட்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, "மேடம் சொல்லாம தண்ணி விட ஏலாது சார்" என்றார்.

போல்ட்டுகளைக் கழற்றிப் பீடத்தைத் தூக்கினோம். அடியில் கெட்டியாகிப்போன பழைய பெயிண்ட் ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்தது; போல்ட்டை இறுக்கியதும் பீடம் சாய்ந்தது அதனால்தான். அண்ணன் சுரண்டி எடுத்தார். மறுபடி இறுக்கிச் சுற்றினோம். முள் அசையவில்லை. கம்பெனி இன்ஜினியர் அந்தப் பெயிண்ட் துணுக்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"கப்பல் போனா போகுது மேடம். இது ஓடுறதைப் பார்த்துட்டுத்தான் போவேன்."

மறுநாள் தண்ணீரைத் திறந்தோம். ஸ்விட்சை நானே போட்டேன். பழைய மெஷின் ஓடும்போது அந்த ஹாலில் கத்தித்தான் பேச வேண்டும். அன்று அண்ணன் வழக்கம்போல, "மேடம், டீ சொல்லவா?" என்று கத்தினார். ஹால் முழுக்க எதிரொலித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கண்ணே, எல்லாருக்கும்" என்றேன், சாதாரணக் குரலில்.