உப்புத் தண்ணிக் கடல்

நாளிதழில் பிழை திருத்தியே பழகியவன் நான். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும். அதற்காகத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

அக்காவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம். பேரன் எடுத்த பிறகும் கடலைப் பார்த்ததில்லை. மண்டபத்தில் கடல், அங்கிருந்து தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை என்று சுற்றுலா வேன் ஒன்று கிளம்பவிருந்தது.

"ஆளு எப்படின்னு நீ பாத்துச் சொல்லு. வேணாம்னா நான் போகல" என்றாள்.

திண்டுக்கல் பொருட்காட்சியில் வேன்காரர் கடை போட்டிருந்தார். கடை முகப்பே கோட்டை வடிவம். அக்கா விரலை மடக்கித் தட்டினாள். தெர்மாகோல்.

உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி. மேலே 'அபூர்வக் கடல் மீன்கள்' என்று பலகை. அதில் ஒரு மீனை எங்கேயோ பார்த்திருந்தேன். கண்மாயில் பிடித்துச் சந்தையில் விற்கும் ஜிலேபி கெண்டை.

"கடல் மீனு நல்ல தண்ணியில உசுரோட இருக்குமா?" என்று கேட்டேன்.

"நல்ல தண்ணி யாருண்ணே ஊத்துனா? உப்புத் தண்ணி."

அக்கா தொட்டிக்குள் விரலை விட்டு நக்கினாள். தோட்டத்தில் போர்க் கிணறு போட்டாலும் முதலில் அதைத்தான் செய்வாள்.

"உப்புத் தண்ணிதான்" என்றாள். "எங்க போர்லயும் இதேதான் வருது. இது எந்தப் போருப்பா?"

வேன்காரர் சிரித்துவிட்டார். "கிரவுண்டு போருதான்க்கா. கடல் தண்ணின்னா சொன்னேன்?"

அக்காவை வெளியே இழுத்து வந்தேன். "வேணாம்க்கா. மீன்லயே பொய்யி."

அவள் தெர்மாகோல் கோட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மீனு பொய்யி, சரி. அதுக்காகக் கடலும் பொய்யா?" என்று திரும்ப உள்ளே போய்ப் பெயர் கொடுத்தாள். நான் வேனின் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மண்டபத்திலிருந்து போன் வந்தது. பின்னால் இரைச்சல். அலையா, காற்றா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஏப்பா, இது வேற உப்பு. நாக்கெல்லாம் கசக்குது" என்றாள்.

மறுநாளும் பேசினாள். "கோட்டையத் தட்டிப் பாத்துட்டேன். கல்லுதான். வெரலு வலிக்குது."

"ஊரு பேரு போர்டுல என்ன போட்டிருக்குக்கா?"

"போன வைடா."