கத்தி பிடிக்கிறவரின் கண்

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நல்ல கண்ணால் குளியலறைச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். ஓடுகளுக்கு இடையே ஓடும் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொடர்கிறார். மூச்சை அடக்கிக்கொள்கிறார். "நேராத்தான் இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் மனைவி அடுப்பைப் பற்றவைப்பார். ஏழு மாதமாக அந்த வீட்டில் இப்படித்தான் விடிகிறது.

அவர் எங்கள் தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். வயது அறுபத்தாறு. ஒரு கண்ணை மூடிப் பார்த்தே இரண்டு கிருதாவையும் ஒரே மட்டத்தில் நிறுத்திவிடுவதால், கொத்தனார் மட்டம் பார்க்கும் குமிழிக் கருவியின் பெயரே இவருக்கும்: 'ரசமட்டம்'. "கழுத்தைக் குடுத்துட்டுக் கதை பேசாதீங்க" என்பார். பேசுவதெல்லாம் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். மட்டம் பார்க்க இடது கண்ணை மூடியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், உங்க மூக்கைக் காணோம்."

சிரித்தேன். கத்தியைக் கை நீளும் தூரத்துக்கு விலக்கினார். "ஆடாதீங்க. நெசமாவே காணோம். காது தெரியுது, நெத்தி தெரியுது. நடுவுல இருட்டு."

பாதி முகத்தில் நுரையோடு நான்தான் அவரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன்.

"விழித்திரைக்கு நடுவுல, அதுக்கு அடியில ரத்தம் கசிஞ்சு தேங்கியிருக்கு" என்றார் மருத்துவர். இளம்பெண். "விட்டா அந்த எடமே செத்துப்போயிடும். நாளைக்கே ஆபரேஷன். ரத்தத்தைக் கரைக்க மருந்து போட்டு, அதை ஓரமாத் தள்ள ஒரு வாயுக்குமிழியும் உள்ள விடுவோம். பார்வை முழுசா திரும்பும்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

தகவல் கேட்டு ஓடிவந்த மனைவி அழுதார். இவர் கேட்டது ஒன்றுதான்: "கண்ணுக்குள்ள ஊசி விடுறப்ப உங்க கை நடுங்காதேம்மா?"

மருத்துவர் கையை நீட்டிக் காட்டினார். கையை வைத்தே ஆளை எடைபோடுகிறவர், அதையே வெகுநேரம் பார்த்துவிட்டுச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு, குமிழி இடம் மாறாமல் இருக்க, ஐந்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. "தரையைத் தவிர ஒலகமே இல்ல சார். இவ காலைத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எடது காலைச் சாய்ச்சு நடக்குறா. இத்தனை வருஷத்துல கவனிச்சதே இல்ல." குமிழி ததும்பும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வருமாம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை: "பேருக்கேத்த மாதிரி ரசமட்டத்துக் குமிழியையே உள்ள வச்சுட்டாங்க."

குமிழி கரைந்தது. இருட்டு சாம்பல் நிறமாக வெளுத்தது. அந்தக் கண்ணில் இப்போது முகம் தெரிகிறது, நடுவில் கொஞ்சம் நெளிந்து. "இன்னொரு கண்ணுலயும் வரலாம். நேர்கோடு நெளியுதான்னு தினம் பாருங்க" என்று மருத்துவர் சொன்னது மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது.

கடை திறந்தும் சவரக்கத்தியைத் தொடவில்லை. கத்தரியும் மெஷினும்தான். போன வாரம் நான் போய் உட்கார்ந்து, "சவரம்" என்றேன்.

"வேணாம் சார். பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்று தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

கத்தியை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய இடது கட்டைவிரல், சில்லென்று, என் கழுத்து நரம்பின் மேல் வந்து தங்கியது. தோலைத் தடவியபடி ஒரு நூல் அளவு நகர்ந்தது, நின்றது. அது நின்ற இடம் வரைக்கும் மட்டும் கத்தி வந்தது.